லேண்ட்ரோவரும் 'ஓவர்' சொல்லாத மனிதர்களும்

காட்டு ரோட்டில் ஓடும் வண்டிக்கு ரேடியோ பூட்டிக் கொடுக்கிறவர்களின் ஆயுளில் பாதி, "என்ன? என்ன? திரும்பச் சொல்லுங்க" என்பதிலேயே போய்விடும். ஜீப்பிலோ லாரியிலோ மைக்கைக் கையில் பிடித்து ஒரு தடவையாவது கத்தியவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம ஆள்தான்.

எழுபதுகளின் கடைசியில், ஈப்போ ஓரத்துச் சிலிபினிலிருந்து ஜெலாப்பாங்குக்கு பஸ் ஏறி, ஒரு சின்ன ரேடியோ கடைக்கு டைப் அடிக்கப் போனேன். முதலாளி யாழ்ப்பாணத்துக் குடும்பம். தொலைத்தொடர்பு இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை நான் 'ஐயா' என்பேன், என்னை அவர் 'பிள்ளை' என்பார். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஐயா வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூ முடுக்கினால் டார்ச் பிடிப்பது நான். அவர் வண்டியில் உட்கார்ந்து பேசிப் பார்த்தால் மறுமுனையில் பதில் சொல்வதும் நான். டைப் அடித்ததுதான் குறைவு. அப்படி ஒரு வருஷம், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு செட் பூட்டப் போய் நாங்கள் பட்டபாடுதான் இது.

எந்த செட்

தோட்டத்தில் ஒரு லேண்ட்ரோவர், ஒரு பழைய ஜீப். இரண்டுக்கும் செட் வேண்டும், ஆபீசில் ஒன்று வேண்டும் என்று மானேஜர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். ஐயா பெரிய தாளில் குன்றெல்லாம் வரைந்து கொண்டுபோய், எந்த அலை மலையைத் தாண்டும், எது தாண்டாது என்று பொறுமையாக விளக்கினார். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். முடிந்ததும் மானேஜர், இதில் கோலாலம்பூரில் இருக்கும் தன் தம்பியோடு பேச முடியுமா என்று கேட்டார். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, மத்தியானம் பாட்டு வருமா என்றார். வெளிவேலையை மேற்பார்க்க ஜீப்பில் போகும் கண்டக்டருக்குக் கால் நீளம். முழங்காலில் இடிக்காத செட்டாக இருந்தால் போதும், மலையைத் தாண்டுவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஐயா தாளை மடித்தார். ஒன்றுமே பேசாமல் நின்றது லேண்ட்ரோவர் டிரைவர் மாரிமுத்து அண்ணன் மட்டும்தான். வண்டியில் நாளெல்லாம் உட்காரப் போகிறவர் அவர்தானே என்று ஐயா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, உமக்கு எப்படிப்பட்டது வேணும், வெட்கப்படாமல் சொல்லும் என்றார். மாரிமுத்து அண்ணன் ஆபீஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "ஐயா, வேலை செய்யாத மாதிரி ஒண்ணு இருக்கா?"

காந்தம்

லேண்ட்ரோவர் புதுசு. அதில் ஓட்டை போடக்கூடாது என்று மானேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கென்ன, அடியில் காந்தம் வைத்த ஏரியல் ஒன்று கடையில் இருந்தது. கூரைமேல் வைத்தால் தானே ஒட்டிக்கொள்ளும். ஐயாவின் பழைய காரில் அதை ஒட்டி, ஜெலாப்பாங் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். அசையவில்லை. மறுநாள் தோட்டத்துக்குக் கொண்டுபோய் லேண்ட்ரோவர் கூரைமேல் வைத்தோம். மெல்லச் சரிந்து என் கையில் விழுந்தது.

தூசி இருக்கும் என்று துடைத்தோம். மறுபடி விழுந்தது. "காந்தம் செத்துப் போச்சுது பிள்ளை" என்று ஐயா அதை ஆபீசுக்குள் எடுத்துப் போய் கிராணியின் இரும்பு அலமாரியில் வைத்தார். பட்டென்று ஒட்டியது, இரண்டு பேர் சேர்ந்து இழுத்துத்தான் எடுத்தோம். திரும்ப வண்டிக்கு வந்தால் திரும்பவும் விழுந்தது. அலமாரிக்கும் வண்டிக்குமாக நாங்கள் நடந்த நடையைப் பார்க்க, வேலை முடித்து வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். கடைசியில் ஐயா கூரையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த வண்டியின் மேல்தகடு முழுக்க அலுமினியம். காந்தம் தொடாது. மானேஜரிடம் போய்க் கெஞ்சி ஓட்டை போட அனுமதி வாங்கினோம். மாரிமுத்து அண்ணன்தான் ஓட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வண்டிக்கே புடிக்கல. எனக்கு எப்படிலா புடிக்கும்?"

பொரிக்கிற சத்தம்

செட் பூட்டி முடித்த அன்று கிராணி தானே பேசிப் பார்க்க ஆசைப்பட்டார். அவர் வண்டியில் உட்கார்ந்தார், நான் ஆபீசில் உட்கார்ந்து கூப்பிட்டேன். வண்டி நிற்கும்போது எல்லாம் நன்றாக இருந்தது. மாரிமுத்து அண்ணன் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணியதும் வண்டியிலிருந்த செட்டில் சடசடவென்று ஒரே இரைச்சல். பிளக்கில் பாயும் நெருப்பு சில வண்டிகளில் அப்படித்தான் ரேடியோவுக்குள் வந்து குதிக்கும். பிளக் வயரில் ஒரு சின்ன உருப்படியை மாட்டினால் அடங்கிவிடும். ஆனால் அதைக் கிராணிக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மைக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, கோபமில்லாமல், மரியாதையாகவே சொன்னார்: "தங்கச்சி, உங்க பக்கம் யாரோ மீன் பொரிக்கிறாங்க. பொரிச்சி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க."

யார் அந்தத் தங்கச்சி

அன்றோடு கிராணி ரேடியோவைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். முகம் பார்க்காமல் பேசினால் தனக்குத் தலை சுற்றுகிறதாம். வேறு ஆள் பழகும் வரை தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து, காலையிலும் மத்தியானமும் வண்டிகளைக் கூப்பிடும் வேலையை ஐயா என் தலையில் கட்டினார். நான் "லேண்ட்ரோவர், கேக்குதா, ஓவர்" என்பேன். அந்தப் பக்கமிருந்து மாரிமுத்து அண்ணன் "கேக்குது தங்கச்சி" என்பார். ஓவர் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அதனால் அவர் பேசி முடித்துவிட்டாரா, யோசிக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. நானும் காத்திருப்பேன், அவரும் காத்திருப்பார்.

ஒரு நாள் காலையில் ஆபீஸ் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். பால்வெட்டு முடிந்து நேராக வந்திருந்தார். கையில் ரப்பர் பால் காய்ந்திருந்தது. மாரிமுத்துவின் மனைவி லெட்சுமி என்றார். சாப்பாடு கொடுக்க வண்டிக்குப் போனபோது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்ததாம், புருஷன் ஆசையாகத் தங்கச்சி என்றாராம். அவர் கூடப் பிறந்தது மூன்றும் தம்பிகள், இந்தத் தங்கச்சி எங்கிருந்து வந்தாள் என்று பார்க்க வந்திருக்கிறார். என்ன சொன்னாலும் தப்பாகிவிடும் என்று தோன்றியதால், செட்டைக் காட்டி, மைக்கை அவர் கையிலேயே கொடுத்து, பட்டனை அழுத்தக் கற்றுக்கொடுத்தேன். அவர் கூப்பிட்டார். அந்தப் பக்கம் உடனே, "கேக்குது தங்கச்சி, சொல்லு" என்று பதில் வந்தது. கட்டின மனைவியின் குரல் அந்த மனுஷனுக்கு அடையாளம் தெரியவில்லை.

சண்டை வரும் என்று கிராணி நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஆனால் லெட்சுமி அக்கா மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "வீட்டுல நாலு தடவ கூப்பிட்டாதான் ஏன்னு கேப்பாரு. இந்தப் பொட்டிய எங்க வீட்டுலயும் ஒண்ணு பூட்டிடு."

வேணுமா வேணாமா

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், மேல் டிவிஷனில் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த கோபாலின் காலில் மரம் சாய்ந்து விழுந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் காலுக்குப் பலகை வைத்துக் கட்டி, அவரை லேண்ட்ரோவரில் படுக்கவைத்து, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். ஓட்டுவது மாரிமுத்து அண்ணன். ரோட்டுக்கு வர இரண்டு வழி. மரப்பாலத்து வழி கிட்டம். லம்பம் என்கிற பழைய ஈயச் சுரங்கத்தைச் சுற்றி வருவது தூரம். ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்ததால், பாலம் எப்படி இருக்கிறது என்று பார்க்க கண்டக்டர் ஜீப்பில் முன்னாலேயே போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் மழை இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது. "பாலத்து வழி வர வே..." என்றது. அதோடு நின்றுவிட்டது.

வேணுமா, வேணாமா? நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் சொல்லிவிட்ட நிம்மதியில் ஜீப்பை விட்டு இறங்கிப் போய்விட்டார் போல. லேண்ட்ரோவரிலும் அதே அரை வார்த்தைதான் கேட்டிருக்கிறது. "தங்கச்சி, வேணும்னாரா, வேணாம்னாரா?" என்று மாரிமுத்து அண்ணன் கேட்டார். கிராணியைப் பார்த்தேன். அவர் முதலில் வேணும் என்றார், அப்புறம் வேணாம் என்றார், அப்புறம் தன்னைக் கேட்காதே என்றார். கடைசி எழுத்து எனக்கும் கேட்கவில்லை அண்ணே என்று உள்ளதைச் சொன்னேன். பின்னால் கோபால் முனகுவது எனக்கே கேட்டது. கிட்டத்து வழியையே பார்க்கிறேன், மெதுவாகப் போகிறேன் என்றார் மாரிமுத்து அண்ணன். அதற்குப் பிறகு வண்டி குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கிவிட்டது. அங்கே எந்தச் செட்டும் எடுக்காது. செய்தி கேட்டு லெட்சுமி அக்கா குடையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். செட்டில் எரியும் சின்ன சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகப் பாலத்துப் பக்கமிருந்து மாரிமுத்து அண்ணன் குரல் வந்தது. "தங்கச்சி, வேணாம்தான். நடுப்பாலம் இல்ல." அந்த ஒரு தடவை அவர் ஓவர் சொல்லாதது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பாலத்துக்கு முன்னால் கண்டக்டர் மழையில் நின்று இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தியிருக்கிறார். சகதியில் வண்டியைத் திருப்பி, லம்பத்தைச் சுற்றிக்கொண்டு அவர்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. கால் தப்பியது, எலும்பு மட்டும் கொஞ்சம் கோணலாகக் கூடியது. வார்டில் போய்ப் பார்த்தபோது நான் ஆரஞ்சுப் பையைக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். கோபாலே ஆரம்பித்தார்: "நீங்க ரெண்டு பக்கமும் தேடுனீங்களே ஒரு எழுத்து, அது அவ்வளவு நேரமும் என் கால் மேலதான் உக்காந்திருந்துச்சு."

ஜாங்ஙான்

ஐயா வந்து எல்லாச் செட்டையும் கழற்றிப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. கண்டக்டரோ தான் 'வேணாம்' என்று முழுசாகச் சொன்னதாகச் சத்தியம் பண்ணினார். சரி, இப்போது பேசிக் காட்டுங்கள் என்றோம். காட்டினார். வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கட்டைவிரல் பட்டனை விட்டுவிட்டது. மாரிமுத்து அண்ணனும் அப்படித்தான். மானேஜரும் அப்படித்தான். ஐயா பேசியபோது நான் கவனித்தேன், ஐயாவும் அப்படித்தான். அதை நான் சொல்லவில்லை. நம் பேச்சில் 'இல்லை', 'வேண்டாம்' இரண்டும் வாலில்தான் வரும். விரல் வெட்டுவதும் வாலைத்தான்.

விரலைத் திருத்த முடியாது என்று தெரிந்ததும், பேச்சைத் திருத்தலாம் என்று நான் சொன்னேன். மலாயில் வேண்டாம் என்னும் 'ஜாங்ஙான்' முன்னால் வருகிறதே, கூடாது, இல்லை என்பது எதுவானாலும் முதலில் ஜாங்ஙான் சொல்லிவிட்டுப் பிறகு தமிழில் பேசுங்கள் என்றேன். ஐயா சம்மதித்தார். அதன் பிறகு தோட்டம் முழுக்க "ஜாங்ஙான், மேல் ரோட்டுக்கு வராதீங்க", "ஜாங்ஙான், லாரி இன்னிக்கு இல்ல" என்றே பேச்சு. குழப்பம் குறைந்தது என்றுதான் நினைத்திருந்தேன். நான் ஜெலாப்பாங்குக்குத் திரும்பும் நாளில் லெட்சுமி அக்கா வாழைப்பழச் சீப்போடு வழியனுப்ப வந்தார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். சீப்பை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்கு வந்தும் ஜாங்ஙான், ஜாங்ஙான்ங்கிறாரு. என்ன வேணாம்னு அதுக்கப்புறம் சொல்றதே இல்ல."

ஆக, பேச ஒரு பெட்டி, கேட்க ஒரு பெட்டி என்று ஊரெல்லாம் பூட்டிக் கொடுத்த அந்த வருஷங்களில், புரிந்துகொள்வதற்கான பெட்டி மட்டும் எங்கள் கடையில் கடைசிவரை ஸ்டாக் வரவில்லை.