சந்தனப் பொட்டு வைத்த சிடி

ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எத்தனை முறை போட்டாலும் வெறும் கறுப்புத் திரை. அன்று சாயங்காலம் துபாயிலிருந்து அண்ணன் முதல்முறையாக வீடியோவில் வருவதாக இருந்தான். பிறந்த மகளை அவன் போட்டோவில்தான் பார்த்திருந்தான். அதற்காகவே கேமரா வாங்கி மாட்டியிருந்தோம்.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். குற்றாலத்தில் தண்ணீர் விழும் நாளில் தென்காசியில் ஆளைத் தேடியது என் தப்பு.

"இங்கன நல்லா விழுது தங்கச்சி! கம்ப்யூட்டரோட ஒரு சிடி தந்தேம்லா, அதப் போட்டு ஓ.எஸ். மறுபடி ஏத்துங்க, தன்னால வந்துரும்" என்று அருவிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

நான் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவள். அதற்கான திமிரும் உண்டு. சிடியை எடுத்துத் திருப்பினால், பளபளக்கும் பக்கத்தில் அப்பிய சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"எம்மா, இதுல யாரு பொட்டு வச்சா?"

"நாந்தான். நேத்து எல்லாத்துக்கும் வச்சேம்லா. முன்னால வச்சா எழுத்து மறைஞ்சிருமேன்னு பின்னால வச்சேன்" என்றாள் அம்மா, பாராட்டை எதிர்பார்த்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன்.

"ஏட்டி, பூசைல வச்ச பொட்டக் கண்ட துணியில துடைக்காத!"

நாங்கள் இருவரும் சிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். அண்ணன் பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்த மதினியின் கை பாதியில் நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் அம்மா இறங்கிவந்தாள். அவளே செம்புத் தண்ணீர் விட்டுச் சிடியைக் கழுவி, அந்தத் தண்ணீரை யார் காலும் படாமல் செவ்வரளிச் செடியின் மூட்டில் ஊற்றினாள். பிள்ளைத் துணியால் ஒற்றியும் கொடுத்தாள்.

சிடி கர்ரென்று சுற்றி நீலத் திரை வந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் பிள்ளை வீறிட்டது. அப்புறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கோடு கொஞ்சம் நகரும், நிற்கும். "வந்துட்டானா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன். ஒருவழியாகக் கேமரா வேலை செய்தபோது பிள்ளை பால் குடித்து அசந்து தூங்கியிருந்தது.

அண்ணன் முகம் தெரிந்ததும் மதினி பிள்ளையைக் கேமராவுக்கு முன்னால் கிடத்தினாள்.

"கண்ணத் தெறக்க மாட்டேங்கா. இருங்க, எழுப்புதேன்."

"வேண்டாம், உறங்கட்டும். நீங்கள்லாம் போயி சாப்பிடுங்க" என்றான் அண்ணன், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. "பிள்ளகிட்ட நான் இருக்கேம்லா."

பிள்ளை பிறந்ததிலிருந்து, மதினி இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.