சத்தத்துக்கு முன்னால் ஒரு குரல்

பழைய டிவி கம்ப்யூட்டர்களுக்குப் புரோகிராம் தேடிப் பிடித்து, பட்டியல் போட்டு, கேசட்டில் நகலெடுத்துக் கொடுப்பது பெண் கொடுக்க யாரும் யோசிக்கும் தொழில். தொண்ணூறுகளில் உத்திரமேரூர் பஜார் தெருவில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வாசலில் 'கம்ப்யூட்டர் சென்டர்' என்று போர்டு. உள்ளே சென்னைப் பள்ளிக்கூடம் ஒன்று கழித்துக் கட்டிய நாலைந்து கீபோர்டுகள். அந்த கீபோர்டுதான் கம்ப்யூட்டரே. ஒரு பக்கம் டிவி, இன்னொரு பக்கம் டேப்ரிகார்டர். சாதாரணப் பாட்டுக் கேசட்டில்தான் புரோகிராம் இருக்கும். போட்டால் காதைக் கிழிக்கிற கீச்சு சத்தம், அதுதான் கம்ப்யூட்டருக்குள் புரோகிராமாக ஏறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், முடியப்போகிற நேரத்தில் வெளியே ஒரு நெல் லாரி போகும், டேபிள் ஆடும், எல்லாம் பாழ். இந்தப் பாடு பட்டவர்கள் எங்காவது இருந்தால், இது உங்களுக்குத்தான்.

ஆடிக் கூழும் ஒரு கேசட்டும்

எனக்குக் கூட்டாளி வேலு. மைக் செட் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, தேர்தல் எதுவானாலும் அறிவிப்பு அவன் குரல்தான். கணீரென்று இருக்கும். மீதி நேரத்தில் என் சென்டரில் கேசட் நகலெடுப்பான். இரண்டு தொழில் கேசட்டுக்கும் ஒரே பை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது, பாட்டு என்று நினைத்து எங்கள் புரோகிராம் கேசட்டைப் போட்டுவிட்டான். நாலு ஹாரன் ஸ்பீக்கரிலும் கீச்சு. பெண்கள் கூழ்ப் பானையை விட்டுவிட்டு ஓடினார்கள். ஒருத்திக்கு சாமியே வந்துவிட்டது.

கோயில்காரர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினேன். எல்லாக் கேசட்டும் ஒரே மாதிரி கத்துகிறதே, எதை எப்படித்தான் அடையாளம் வைப்பது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். வழி சொன்னவன் வேலுதான். "இன்மே ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி நானே பேரு சொல்லிட்றேன் சார். சத்தம் வரும், பயப்படாதீங்கன்னும் சொல்லிட்டா ஒர்த்தரும் பேஜார் பண்ண மாட்டாங்க."

வராத பாம்பு

அதுமுதல் எங்கள் கேசட்டுகளில் முதலில் வேலு பேசுவான், பிறகுதான் கீச்சு. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில். முதலாளி எங்கேயோ மலிவாகக் கிடைத்தது என்று இந்தக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, கணக்கர் தலையில் கட்டியிருந்தார். கணக்கர் பாவம், வட்டிக் கணக்கு புரோகிராமோடு விளையாட்டுக்கு 'பாம்பு' புரோகிராமும் கேட்டு வாங்கிப் போனார். வட்டி ஓடியது, பாம்பு ஓடவில்லை.

வேலுவும் நானும் பஸ் ஏறிப் போனோம். டேப்ரிகார்டரில் கேசட்டைத் தொடுகிற ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் புரோகிராம் ஏறாது. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. அதை முடியளவு திருப்பி, கீச்சு எப்போது கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். எனக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை, வேலுவுக்குக் காதிலேயே இருந்தது. அன்றைக்கு அவன் காதும் தோற்றது. உமித் தூசு அந்தக் கேசட்டுக்குள்ளேயே அடைந்திருந்தது. வேறு கேசட் தருகிறேன் என்று கையை நீட்டினேன். கணக்கர் கொடுக்கவில்லை. "பாம்பு வராங்காட்டி போவட்டும் சார். இவரு பேசறது சோக்கா கீது, அதையே கேட்டுக்கினு குந்தினு இருப்பேன்."

புதுப்பித்தல்

கேசட் ஓட ஓட நைந்துபோகும். நைவதற்குள் புரோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதே கேசட்டில் மறுபடி பதிந்துவிடுவோம். புரோகிராம் புதுசாகிவிடும். முன்னால் இருந்த பேச்சு அழிந்துபோகும், அதைத் திரும்பப் பேசிக்கொள்ள வேண்டும். அதற்கென்ன, பேசத்தான் வேலு இருக்கிறானே என்று இருந்தோம்.

வேலு வாயில் எப்போதும் புகையிலை இருக்கும். தொண்டையில் கட்டி என்று சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுக்க வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். அப்போது அவன் மனைவி அமுதா முழுகாமல் இருந்தாள். மைக் செட்டை விற்றுவிட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு முழு நேரமும் சென்டருக்கே வந்தான். அவன் பட்டனை அழுத்துவான், நான் கரகரவென்று பேர் சொல்லுவேன். இப்படியே ஒவ்வொரு கேசட்டாகப் புதுப்பித்தோம். தன் குரலைத் தன் கையாலேயே அழித்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வேலையில் அப்படித்தான். செங்கல்பட்டிலிருந்து வரும் வாத்தியார் ஒருவர் விவரம் தெரியாமல் அவன் எதிரிலேயே கேட்டுவிட்டார். அவர் கேட்டதற்கு வேலு சத்தமில்லாமல் சிரித்துவிட்டுப் பட்டனை அழுத்தினான். "பழைய ஆளு எங்கே சார்? நீங்க சொன்னா கம்ப்யூட்டரே தூங்கிடும் போல இருக்கே."

அமுதா கேட்டது

சில வருடம் போனது. புரோகிராம்களை எல்லாம் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, சிடியில் போட்டு, கேட்பவர்களுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் அமுதா வந்தாள். பெண் குழந்தை மலர் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊமை மகள் என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். அப்பா ஊருக்கே பேசினவர் என்று சொன்னால் அவளே நம்பவில்லையாம். அவன் பேசினது ஒரு கேசட்டிலாவது இருக்குமா என்று கேட்டாள்.

பீரோவில் இருந்த அத்தனையையும் போட்டுக் கேட்டேன். எல்லாவற்றிலும் நான்தான் பேசினேன். என் குரலை அவ்வளவு வெறுத்தது அன்றைக்குத்தான். நகல் வாங்கிப் போனவர்களுக்கெல்லாம் கார்டு போட்டேன். தாமல் ஊர்க்காரர் ஒருவர் அதன்மேல் பக்திப் பாட்டு பதிந்துவிட்டதாக எழுதினார். மற்றவர்கள் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். இனி இல்லை என்று அமுதாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் மனசுக்குள் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தபோது, வாலாஜாபாத் கணக்கர் பஸ் பிடித்து நேரிலேயே வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "கம்ப்யூட்டர எடைக்குப் போட்டாச்சு சார். இத்த மட்டும் போட மனசு வர்ல."

திருகாணி

அடுத்த நாள் காலையிலேயே ஏரிக்கரைப் பக்கம் இருந்த வேலு வீட்டுக்குப் போனேன். டேப்ரிகார்டரைத் தரையில் வைத்தோம். மலர் அமுதாவின் மடியில். கேசட்டைப் போட்டதும் குரல் வந்தது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரே முனகல். ஒரு வார்த்தையும் புரியவில்லை. அமுதா முகம் விழுந்துவிட்டது.

வேலு எழுந்து போய் சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்தான். காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துத் திருகாணியைத் திருப்பினான். கேட்டான், திரும்பத் திருப்பினான். முனகல் மெல்லத் தெளிந்தது. "பாம்பு. பாம்பு. இப்ப சத்தம் வரும், பயப்படாதீங்க" என்று அந்தப் பழைய கணீர்க் குரல் அறை முழுக்கக் கேட்டது. பிறகு கீச்சு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அழுகையை அடக்க முடியவில்லை. இதுதான்டி உங்கப்பா என்றாள் அமுதா. வேலு தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். குழந்தை டேப்ரிகார்டரைப் பார்த்தாள், அவன் கழுத்துத் துண்டைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் காதில் ரகசியமாகச் சொன்னாள். எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அந்த மாமாவ இன்னொரு தபா பேசச் சொல்லும்மா."

இத்தனை வருடம் நான் சேர்த்துப் பகிர்ந்ததிலேயே அதிகமாக ஓடிய கேசட் அதுதான். அதிலிருக்கும் பாம்பு மட்டும் இன்றுவரை லோடு ஆகவில்லை.