பதினேழாம் குறிப்பை நான் அச்சிடவில்லை

இசக்கி அடித்தது, மாடன் வழி மறித்தது என்று யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். சர்ச் முற்றத்தில் வைத்தே அப்படிப்பட்டவர்களோடு சண்டை பிடித்திருக்கிறேன். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்ப்பீர்கள், சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலை இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மார்த்தாண்டத்தில் ஒரு மாதப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரித்துக் கொடுப்பது என் வேலை. அந்தப் பைத்தியம் அப்போது ஊரையே பிடித்து ஆட்டியது. வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று தெரியாது, நாங்கள் முதலில் கட்டங்களைச் சொற்களால் நிரப்பிவிட்டு அப்புறம்தான் குறிப்பு எழுதுவோம். நிரப்பும்போது மூலையில் நாலு கட்டம் மிஞ்சிவிட்டால் எனக்குக் கைகொடுப்பது ஒரு கணித மேதையின் பெயர். கிரேக்க நாட்டவர், பள்ளிக்கூடத்து வடிவக்கணிதம் முழுக்க அவர் சொன்னதுதான். பெயரை இங்கே சொல்லமாட்டேன், நடந்ததற்குப் பிறகு அது எனக்கு வாயில் வருவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரை மூலையில் தள்ளி, ‘கணக்கில் பெரியவர்’ என்று ஒரு குறிப்பைக் கிறுக்கிக் கொடுத்துவிடுவேன்.

என் தங்கை ஞானப்பூவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அவள் மிஷன் பெண்பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தாள், ஆனால் அவளுடைய உயிர் கணக்கில் இருந்தது. லேஸ் பூவைக்கூட காம்பஸால் வட்டம் போட்டுத்தான் வரைவாள். கணக்கு வகுப்பை எனக்குத் தாருங்கள் என்று நாலு வருஷம் நடையாக நடந்தாள். பெண்பிள்ளைக்கு ஊசி போதும் என்று நிர்வாகி சிரித்தே அனுப்பிவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒருநாள் பத்திரிகையைத் தூக்கி என் முன்னால் போட்டாள்.

“இதாக்கும் குறிப்பு? கணக்கில பெரியவராம்! அம்மாம்பெரிய மனுசன மூலையில கொண்டு இருத்திட்டு, உனக்கு எழுத வேற ஒண்ணும் கிடைக்கேல்லியா அண்ணே?”

“அப்ப நீயே எழுதுட்டி, பாப்பம்.”

எழுதினாள். ‘நீளமும் இல்லாத, அகலமும் இல்லாத புள்ளியை வைத்து உலகத்தை அளந்தவர்.’ படித்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அடியில் உன் பெயரையும் போட்டே அச்சடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பத்திராதிபர் சிவப்பு மையால் ஒரே அடியாக அடித்தார். “பொம்பளப்பிள்ள பேரப் போட்டா போட்டிய எவன் மதிப்பான்? பழசையே போடும் ஓய்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? சரி என்றேன். வீட்டுக்கு வந்து, அடுத்த மாசம் வரும் மக்கா என்று அவளிடம் கூசாமல் பொய்யும் சொன்னேன். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னேன்.

பிறகு அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. படுக்கையில் கிடந்தபடி என் கையைப் பிடித்தாள். “அண்ணே, ‘அளந்தவர்’னு எழுதினது சரியில்ல. அளந்தது பெருசில்ல, நமக்கு அளக்கச் சொல்லித் தந்ததாக்கும் பெருசு. ‘அளக்கக் கற்றுத்தந்தவர்’னு மாத்திரு.”

அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். தலையை ஆட்டினேன், தாளில் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. எப்படியும் அச்சேறப் போவதில்லை என்று எனக்குத் தெரியுமே. மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த வாரமே அடுத்த போட்டியை நிரப்பினேன். மூலையில் பதினேழாம் எண்ணில் அதே பெயர் வந்து விழுந்தது. அப்போதாவது எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ‘கணக்கில் பெரியவர்’ என்றே எழுதினேன், புரூஃபையும் நானே திருத்தினேன், அச்சான தாளையும் என் கண்ணால் பார்த்தேன்.

நம்பினால் நம்புங்கள், போட்டி விடைகளோடு மூன்று தபால் கார்டுகளும் வந்தன. ஒன்று குலசேகரத்து ரப்பர் தோட்ட குமாஸ்தா, ஒன்று புதுக்கடை ஜவுளிக்கடைக்காரர், ஒன்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். மூவரும் பதினேழாம் குறிப்பைப் புகழ்ந்து, அதை அப்படியே எடுத்தெழுதியிருந்தார்கள். ‘அளக்கக் கற்றுத்தந்தவர்’ என்று. என் மேசையில் கிடந்த அவளுடைய தாளில்கூட ‘அளந்தவர்’தான் இருந்தது. மாற்றச் சொன்னதைக் கேட்ட காது என் காது ஒன்றுதான்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று அச்சுக்கோர்ப்பவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன், பாவம், அவர் அழுதே விட்டார். அன்றைக்கே பஸ் பிடித்துப் புதுக்கடைக்குப் போனேன். பட்டப்பகல், சந்தை இரைச்சல். ஜவுளிக்கடைக்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

“எங்க பாத்தீரு அந்தக் குறிப்ப? உம்ம பிரதிய எடும்!”

“எதுக்கு ஓய் சாடுதீரு? இந்தா இருக்கு, பாரும்.” பிரதியை விரித்தார். விரல் பதினேழில் போய் நின்றது. ‘கணக்கில் பெரியவர்.’ மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “கர்த்தாவே, இதிலதானே படிச்சேன்... எனக்க பெண்டாட்டிக்கும் வாசிச்சுக் காட்டினேனே. அடியில பேருகூட கெடந்துதே.”

“என்ன பேரு?”

“ஞானப்பூ, கணக்கு ஆசிரியை.”

என் தங்கையின் பெயரை நான் அவரிடம் சொன்னதில்லை. ஆசிரியை என்ற சொல்லை இந்த ஊர் அவளுக்கு ஊசியோடு சேர்த்துத்தான் கொடுத்தது, கணக்கோடு சேர்த்து ஒருநாளும் கொடுத்ததில்லை.

நேரே திரும்பிப் போய்ப் பத்திராதிபர் முகத்தில் ஆபீஸ் சாவியை எறிந்துவிட்டு வந்தேன். என்றைக்கோ எறிந்திருக்க வேண்டிய சாவி! பள்ளி நிர்வாகி வீட்டு வாசலிலும் நின்று கத்தினேன். என்ன பிரயோஜனம்?

அந்த ஜவுளிக்கடைப் பிரதியைக் கெஞ்சி வாங்கி வந்து வைத்திருக்கிறேன். இத்தனை வருஷமாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், போன வாரம்கூடப் பார்த்தேன். ‘கணக்கில் பெரியவர்’ என்றே இருக்கிறது. முகம் தெரியாத மூன்று பேருக்குக் காட்டியிருக்கிறாள். எனக்கு இன்றுவரை காட்டவில்லை.