மருந்து கார்டில் ஒரே பெயர்

இன்று நெசவாளர் சங்கத்தில் இலவச மருந்து கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஒரு முதியவருக்குத்தான் கார்டு.

ஓரிக்கை ஊரிலிருந்து முருகேசன் தன் அப்பா, அம்மா இருவரையும் அழைத்து வந்திருந்தார். இருவருக்குமே ரத்தக்கொதிப்பு.

"யார் பேரைப்பா எழுதறது?" என்றேன்.

"அப்பா பேரை எழுதுங்க. அவருதான் இன்னும் தறியில உக்காந்துக்கினு இருக்காரு," என்றார், அம்மாவைப் பார்க்காமல்.

எழுதிய மை காய்வதற்குள் அந்த அம்மா கேட்டார்: "அப்புறமா என் பேருக்கு மாத்திக்கலாமாப்பா?"

விதியைச் சொன்னேன். "இவரு செத்தாதான் மாத்த முடியும்மா."

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

கிழவர் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் வெளியே நடந்தார்.

நான் இதை வேறெப்படிச் சொல்லியிருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.