நான் காட்டிய வழி

பெரியப்பாவைக் கடைசியாகப் பார்த்தது நான்தான் என்று எங்கள் லயன் வீடுகள் முழுக்கப் பேச்சு. அப்போது எனக்கு எட்டு வயது.

ஆடி மழை. எஸ்டேட்டில் மழைக்கு எல்லாரும் உரச் சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துக் கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொள்வார்கள். முதுகு முழுக்க மூடிவிடும். பின்னால் இருந்து பார்த்தால் ஆணா பெண்ணா தெரியாது. பெரியப்பாவும் அப்படித்தான் காலையில் களை வெட்டப் போனார். சாயங்காலம் திரும்பவில்லை. அறுபது தாண்டியவர். குடி கிடையாது. யாரோடும் சண்டை கிடையாது.

மறுநாள் காலையில் ஆட்கள் எங்கள் வாசலில் கூடினார்கள். எஸ்டேட் ரைட்டர், "யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"நான் பாத்தனுங்க. குப்பனூர் ரோட்டுல எறங்கிப் போனாருங்க" என்றேன்.

நான் பார்த்தது பனிக்குள் போன ஒரு சாக்கு. அவ்வளவுதான். ஆனால் அதுவரை என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. அன்றைக்கு ரைட்டரே குனிந்து கேட்டார். ஒருவர் பன் வாங்கித் தந்தார். பன்னைத் தின்றுகொண்டே இன்னும் இரண்டு தரம் சொன்னேன்.

மூன்று நாள் குப்பனூர் இறக்கத்தில் பள்ளம் பள்ளமாகத் தேடினார்கள். போலீசும் அதையே எழுதிக்கொண்டது. நாலாம் நாள், குப்பனூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த பக்கத்து வீட்டு அக்கா திரும்பி வந்தது.

"ஐயோ, அன்னைக்கு அந்த ரோட்டுல போனது நானுங்க. பஸ்ஸு வரல, நடந்தே எறங்கிட்டன்."

அப்பா என்னை அடித்தார். பெரியம்மாதான் கையைப் பிடித்தாள். "உடுங்க தம்பி. புள்ளைக்கு என்ன தெரியும்."

பிறகு மற்றப் பக்கங்களிலும் தேடினார்கள். மழை தடத்தை அழித்திருந்தது. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

பெரியம்மா மட்டும் அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் குப்பனூர் பஸ்ஸில் ஏறுவாள். கையில் கல்யாணப் போட்டோ. அவருக்கு இருந்தது அந்த ஒரு போட்டோதான். "இந்தப் பையனயா தேடுறீங்க அம்மிணி?" என்று டீக்கடைக்காரர் கேட்டாராம். அவளே வந்து சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு வருசம் ஓடியது. ஒரு ஞாயிறு, பஸ்ஸுக்கு முன்னால் எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"ஏங் கண்ணு, அவரு வெரசாப் போனாரா, மெல்லப் போனாரா?"

எனக்கு அப்பாவின் அடி ஞாபகம் வந்தது.

"நான் அவரப் பாக்கவே இல்லைங்க பெரிம்மா. சும்மா சொன்னனுங்க."

அவள் பின்னி முடித்து ரிப்பன் கட்டினாள். வளைவில் பஸ் ஆரன் அடித்தது. பெரியம்மா எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் அடித்துவிட்டுப் போய்விட்டது. போட்டோவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் குப்பனூருக்குப் போகவே இல்லை.

உண்மையைச் சொன்னேன், அடி விழவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.