குதிகாலுக்கு அடியில் ஒரு வினாத்தாள்

என் அத்தான் எடை அளவு ஆய்வாளர். கடைத் தராசு, பெட்ரோல் பங்க் குழாய், டாக்சி மீட்டர் எல்லாவற்றையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், பொய் சொன்னால் சீல் வைப்பதும் அவர் வேலை. அதை ஆபீசோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. மனிதர் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஒருநாள் "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன் அத்தான்" என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் கழித்து இறங்கி வந்தேன். "நூத்தி நாப்பது சதவீதம் பிழை மாப்ளே" என்றார், சிரிக்காமல். அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

இப்பேர்ப்பட்டவர் தன் ஆயுளில் ஒரே ஒரு பொருளை மட்டும் அளந்து பார்க்காமல் வாங்கினார். அது ஒரு பைக்.

சும்மா பைக் இல்லை. மலை ஏறவும் ஆறு கடக்கவும் செய்த அட்வெஞ்சர் பைக். முன்சக்கரம் மட்டும் இருபத்தோரு அங்குலம். நாற்பத்தெட்டு வயதில் ஒரு விளம்பரத்தில் அதைப் பார்த்து மனசைப் பறிகொடுத்துவிட்டார். படத்தில் அது ஒரு பாறையின் உச்சியில் நின்றது. நிஜத்தில் அது நிற்க வேண்டியது பள்ளிக்கூட வாசலிலும் காய்கறிக் கடையிலும் என்பது அவருக்கு உறைக்கவில்லை. சீட்டின் உயரம் எண்பத்தேழு சென்டிமீட்டர். அத்தான் தலை முதல் கால் வரை மொத்தமே நூற்று அறுபது. ஏறி உட்கார்ந்தால் ஒரு கால் பெருவிரல் நுனி தரையைத் தொடும், அதுவும் அவர் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தால். அவர் அந்த வண்டியில் ஏறியதில் பெரிய மலை எங்கள் தெரு முனை வேகத்தடைதான்.

அக்காவும் முதலில் ஆசையாகத்தான் பின்னால் ஏறினாள். அவள் கணக்கு டீச்சர். முதல் மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அத்தான் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தினார். இடது கால் தரையைத் தேடியது. கால் போன இடத்தில் ஒரு சின்னக் குழி. இரண்டு சென்டிமீட்டர் ஆழம். பிறகு அவரே போய் அளந்தார். வண்டி மெதுவாகச் சாய்ந்தது. விழுந்து முடிப்பதற்குள் "என்னங்க" என்று மூன்று முறை கூப்பிட அவளுக்கு நேரம் இருந்ததாம். இஸ்திரி போட்ட உடுப்போடு முழுப் பள்ளிக்கூடமும் பார்க்க மண்ணில் உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்புக்குப் போனால், யாரோ கரும்பலகையில் முக்கோணம் வரைந்து, சாய்ந்த கோணம் என்ன என்று எழுதி வைத்திருந்தார்கள். அக்கா அதை அழிக்காமல் அதையே பாடமாக நடத்தினாள். வீட்டுக்கு வந்துதான் வெடித்தாள்.

"உங்க ரெண்டு குதிகாலும் தரையில பதியட்டும். அன்னைக்கு ஏறுறேன். அதுவரைக்கும் எனக்கு பஸ்ஸு போதும்."

அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து எட்டு மாதம், தோளில் அந்தப் பெரிய பையை மாட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள். காலையில் அவள் தெருமுனை திரும்பும்வரை அத்தான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வண்டியை நினைத்து உருகுகிறார் என்றுதான் நான் எண்ணிக்கொண்டேன்.

"வித்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்குங்களேன்" என்றேன்.

"பேச்சை விடு மாப்ளே."

"அப்ப உயரமான குதி வச்ச ஷூவாவது போடுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அது தராசுத் தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டுற வேலை. எங்கிட்டயே சொல்றியா?"

கடைசியில் வழி சொன்னவர் மெக்கானிக். எந்த வேலைக்கும் "ரெண்டு நிமிஷம் சார்" என்பதால் அவர் பெயரே ரெண்டு நிமிஷம் என்று ஆகிவிட்டது. ஸ்கேல், டேப் எதுவும் அவர் பட்டறையில் கிடையாது. எல்லாம் கண் அளவு, இல்லாவிட்டால் கட்டைவிரல். இவரும் அத்தானும் ஒரே கூரைக்குக் கீழே நிற்பதைப் பார்ப்பதற்காகவே நான் கூடப் போனேன்.

"சார், இந்தச் சக்கரம் காட்டுக்கு. நீங்க ஓட்டுறது ரோட்டுல. ரோட்டு பைக் சக்கரம் போட்டுடலாம். முன்னாடி பதினேழு இஞ்சு, பின்னாடி பதினேழு இஞ்சு, அகல டயர். வண்டி தானா கீழ இறங்கும்."

"எவ்வளவு இறங்கும்?"

ரெண்டு நிமிஷம் கட்டைவிரலைக் காட்டினார். அத்தான் பையிலிருந்து டேப்பை எடுத்து அந்தக் கட்டைவிரலை அளந்தார்.

இரண்டு நிமிட வேலை மூன்று வாரம் ஆனது. சக்கரத்தின் நடுக்கூடு பொருந்தவில்லை, ஆக்ஸிலுக்குப் புஷ் என்ற இரும்பு வளையம் கடைய வேண்டியிருந்தது, பிரேக் டிஸ்க் ஒரு நூல் தள்ளி நின்றது. "ஒரு நூல்தானே சார்" என்று ரெண்டு நிமிஷம் சொன்ன அன்று அத்தானுக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை. எல்லாம் பொருந்தி, சீட்டின் பஞ்சையும் கொஞ்சம் செதுக்கி முடித்ததும், பனைமரம் மாதிரி நின்ற வண்டி ஆறடி ஆள் பள்ளிப் பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகியிருந்தது. ஆனால் ஓட்டம் பிரமாதம். முன்பெல்லாம் திரும்புவதற்குத் தெருவையே கேட்கும் வண்டி, இப்போது நினைத்த இடத்தில் வளைந்தது.

அத்தானின் சந்தோஷம் நெடுஞ்சாலை வரைதான் நீடித்தது. கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நேரம் வைத்துப் பார்த்திருக்கிறார். சக்கரம் சின்னதானால் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றுமே! ஐம்பதில் போனால் மீட்டர் ஐம்பத்தெட்டு என்றது. எத்தனை டாக்சிக்காரர்களை இதில் பாதிப் பிழைக்கு நடுரோட்டில் நிறுத்தி நோட்டீஸ் கொடுத்தவர்! முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்ததும் வண்டியை விட்டு இறங்காமலே ஒரு தாளில் "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, தன் மீட்டரின் மேலேயே ஒட்டிவிட்டார். மெக்கானிக் ரெண்டு நிமிஷம், மீட்டர் கணக்கைத் திருத்தும் ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்துப் பூட்டிச் சரிசெய்யும்வரை அதைக் கிழிக்கவில்லை.

அன்று தாளை ஒட்டி முடித்துத் திருப்தியாக வண்டியைச் சைடு ஸ்டாண்டில் போட்டுவிட்டு இரண்டு அடி வைத்தார். அப்போதுதான் தெரிந்தது, டேப்காரரும் கட்டைவிரல்காரரும் சேர்ந்து மறந்துபோன சங்கதி. வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்டு இறங்கவில்லை. இடது பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நெட்டுக்குத்தாக நின்றது. ஒரு கணம் யோசித்தது. பிறகு வலது பக்கமாக, பக்கத்தில் நின்ற என் ஸ்கூட்டரின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஒரு கீறல் கிடையாது அத்தான் என் வண்டியில!" என்று கத்தினேன். கண்ணாடி ஒரு பக்கம், இண்டிகேட்டர் ஒரு பக்கம் கிடந்தன.

"மூணு இருந்துச்சு" என்றார் அத்தான். "ஆனா தப்பு என்னோடதுதான்."

ஸ்டாண்டை வெட்டிக் குட்டையாக்கி வெல்டிங் வைத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை சோதனை. அக்கா பழைய வினாத்தாள் இரண்டோடு வந்தாள். அத்தான் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் ஆளுக்கொரு தாளாக, அதாவது காலுக்கொரு தாளாக வைத்தாள். குனிந்து இழுத்தாள். இடது தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. வலதும் வந்தது. முன்பாதம் பதிந்திருந்தது, குதிகால் அந்தரத்தில் நின்றது.

"ஃபெயில்" என்றாள் அக்கா. எட்டு வருடமாக மார்க் போடுகிறவளின் குரல் அது. கெஞ்சினால் எடுபடாது. அத்தான் இறங்கினார். எனக்கே பாவமாக இருந்தது, ஸ்கூட்டரை மறந்து.

மறுநாளிலிருந்து தெருவுக்கே வேடிக்கை. அத்தான் பின்சீட்டில் ஒரு கோணிப்பையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, காலையிலும் மாலையிலும் சுற்றி வந்தார். மூலைக்கு மூலை நிறுத்திக் காலைப் பார்ப்பார். இறங்கிப் பின்சக்கர ஸ்பிரிங்கைத் திருகுவார். மறுபடி ஏறுவார். "உங்க அத்தானுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று எதிர்வீட்டுக்காரர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

நான்காம் நாள் காலை அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பியவள், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். கோணியின் வாயைப் பிரித்தாள். உள்ளே மூன்று இருபது கிலோ எடைக்கல், ஒரு பத்து கிலோ எடைக்கல். பழைய இரும்புக் கடையில் கிடந்தவை. ஆபீஸ் கல்லை வீட்டுக்குக் கொண்டுவரும் ஜாதி இல்லை அத்தான். குறைந்த எடையென்று அவரே எப்போதோ நிராகரித்த கற்கள் என்பதால் ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் உண்மை எடையை எழுதி, மொத்தத்தில் குறைந்ததற்கு ஒரு பூட்டும் பாதி சோப்புக் கட்டியும் சேர்த்திருந்தார்.

கணக்கு டீச்சருக்குக் கூட்டத் தெரியாதா?

"இது யாரு?" என்றாள், கோணியைக் காட்டி.

அத்தான் அவசரமாகக் கோணியின் வாயை மூடப் போனார்.

"நான் பின்னாடி ஏறினா வண்டி அமுங்கும், அப்ப உங்க காலு எட்டும். அதானே கணக்கு? அதுக்கு நான் எழுபதா? எழுபது கிலோவா நான்? தெரு பூரா என்னைக் கோணியில கட்டி ஊர்வலம் விட்டிருக்கீங்க! அன்னைக்கு விழுந்ததே தேவலாம். ஏறமாட்டேன். இந்த ஜென்மத்துல ஏறமாட்டேன்."

போச்சு, இத்தனை நாள் வேலையும் பாழ் என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அக்கா கேட்டைத் திறந்துவிட்டாள்.

"அம்பத்தொம்பது" என்றார் அத்தான்.

அக்கா நின்றாள்.

"நீ அம்பத்தொம்பதுதான். போன மாசம் ஆபீசுக்கு வந்தப்ப மேடைத் தராசு மேல நின்னுட்டுத்தான் எங்கிட்ட பேசிட்டிருந்தே. உனக்குத் தெரியாது. எழுபது காட்டுச்சு. அப்புறம் தோள் வலிக்குதுன்னு பையைக் கழட்டி எங்கிட்ட குடுத்தே. அம்பத்தொம்பதுக்கு வந்துச்சு." அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார், அவளைப் பார்க்காமல். "மீதி பதினொண்ணு உன் பை. ரெண்டு கிளாஸ் நோட்டு. அதைத் தூக்கிட்டு நீ நின்னுட்டே போற, ரெண்டு பஸ் மாறி. பையோட சேத்துத்தான் நான் கணக்குப் போட்டேன்."

எட்டு மாதம் ஜன்னலோரம் நின்றவர் வண்டியைப் பார்க்கவில்லை. நான்தான் மடையன்.

அக்கா கேட்டை விட்டுத் திரும்பி வந்தாள். பையைத் திறந்து இரண்டு தாளை எடுத்து என் கையில் திணித்தாள். கோணி இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி 'ம்ம்' என்று அமுங்கியது.

"தம்பி, வச்சு இழு."

குனிந்து வைத்தேன். அத்தான் காலை ஊன்றினார். இடது தாளை இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்தேன், பாதி கிழிந்து கையோடு வந்தது. வலதும் அப்படியே. நிமிர்ந்து பார்த்தேன். அத்தான் நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார், சோதனைக்கு வந்த டாக்சிக்காரன் மாதிரி.

"பாஸ்" என்றேன்.

ஒற்றைக் கண்ணாடி ஸ்கூட்டரில் நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கையைத் தவற விடுவேனா? பள்ளிக்கூட வாசல். மணி அடிக்க ஐந்து நிமிடம். அன்று பார்த்த அதே பிள்ளைகள் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள். அத்தான் பிரேக் போட்டார். இரண்டு காலும் சப்பென்று பதிந்தன. வண்டி ஆடவே இல்லை. அக்கா தலை நிமிர்ந்து, பையோடு இறங்கினாள்.

இறங்கியதும் எழுபது கிலோ போன வண்டி மேலே எழும்பியது. அத்தானின் குதிகால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. இடது கால் தேடியது. அதே குழி.

வண்டி சாய ஆரம்பித்தது, மெதுவாக, எங்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்த வேகத்தில். அக்கா திரும்பினாள். ஒரு தோளில் பதினொரு கிலோ இருக்க, ஒரு கையால் பின்சீட்டுக் கம்பியைப் பிடித்து வண்டியை நேராக நிறுத்தினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"எல்லாத்தையும் அளந்தீங்க" என்றாள். "நான் எறங்கணுங்கிறதை அளக்கலையே?"

அத்தான் குனிந்து குழியைப் பார்த்தார். "பிழைதான்" என்றார்.

"சரி, கியரைப் போடுங்க. நான் புடிச்சிருக்கேன்."

இப்போதும் தினமும் அப்படித்தான். அவள் இறங்குவாள், கம்பியைப் பிடித்துக்கொள்வாள், அவர் கிளம்பும்வரை விடமாட்டாள். குழியை மூடிவிடலாமே என்று வாட்ச்மேன் ஒருமுறை கேட்டிருக்கிறார். வேண்டாம், இருக்கட்டும் என்றாளாம் அக்கா.