துரை விட்ட மூச்சு

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுத் துரையை ஒரு ரங்கோலிப் போட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

துரை யாரென்று கேட்கிறீர்களா? வேக்குவம் கிளீனர். அசல் இங்கிலாந்துத் தயாரிப்பு! சிவப்பு டிரம் உடம்பு, கறுப்பு மூடி, முன்னால் இரண்டு கண்கள், ஒரு சிரிப்பு... மூக்கு இருக்க வேண்டிய இடத்திலிருந்து நீளமாக ஒரு ஹோஸ். கண்டோன்மென்ட் பக்கம் வீட்டைக் காலி செய்துகொண்டு கனடா கிளம்பிய ஒரு குடும்பத்திடம் வாங்கினேன். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு வெறுங்கையோடு திரும்ப மனசு வருமா?

வீட்டுக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டது, துரைக்கு நம் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் பிளக்கில் இருந்தவை பட்டைக் கால்கள். நம் சுவரில் இருப்பவை உருண்டைத் துளைகள். பிளக்கை மாற்றினேன். ஹாலில் சொருகினால் பெட்ரூம் வாசலோடு நின்றுவிடுகிறதே என்று ஒயரை நீளமாக்கினேன். சோபா இடுக்குக்காக, உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் அலைந்து ஒல்லியாக ஒரு குழாய் வாங்கி, அதன் முனையைச் சூடு காட்டிச் சப்பையாக்கி மாட்டினேன். ஞாயிறு வந்தால் போதும், எனக்கும் துரைக்கும்தான் பேச்சுவார்த்தை.

என் உச்சக்கட்ட சாதனை எது தெரியுமா? பை! தூசு சேர்வதற்கு உள்ளே ஒரு காகிதப் பை வேண்டும். நான் தேடிய கடைகளில் அது இல்லை. விடுவேனா? என் பழைய வேட்டியைக் கிழித்து நானே ஒரு பை தைத்துவிட்டேன். துவைத்துக் காயப்போட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். துரைக்கே வேட்டி கட்டிவிட்ட பெருமையில் இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

"ஏங்க, இது வீடு கூட்டுற மெஷினா, இல்ல நீங்க தத்தெடுத்த புள்ளையா?" என்றாள் என் மனைவி மல்லிகா.

போட்டிக்கு வருகிறேன். பொம்மனஹள்ளியில் எங்கள் அபார்ட்மென்ட்டில், கன்னட மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்தை ஒட்டி, பார்க்கிங்கில் ரங்கோலி போடுவார்கள். வருஷா வருஷம் முதல் பரிசு எதிர் ஃபிளாட் சாரதம்மாவுக்கு. இரண்டாம் பரிசு மல்லிகாவுக்கு. முதல் பரிசு குக்கர், இரண்டாம் பரிசு டிபன் பாக்ஸ். எங்கள் சமையலறை ஷெல்ஃபைத் திறந்தால் டிபன் பாக்ஸ்கள் தலையில் விழும். குக்கர் எங்களிடம் இல்லாமல் இல்லை. ஆனால் விஷயம் குக்கரா என்ன?

"இந்த வாட்டி மட்டும் விடவே மாட்டேன்" என்று மொட்டை மாடியில் தினமும் பயிற்சி எடுத்தாள். போட்டதைக் கழுவிவிட நானும் பக்கெட் தூக்கினேன்.

ஞாயிறு காலை மல்லிகாவின் மயில் தோகை விரித்து நின்றது. சுற்றிலும் மஞ்சள் சிவப்பு பார்டர். பக்கத்துக் கட்டத்தில் சாரதம்மாவின் தாமரை. அவர் வெள்ளையைத் தவிர வேறு கலரைத் தொடவே மாட்டார். போட்டு முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். நடுவர்கள் வர இன்னும் கொஞ்ச நேரம்தான். கடைசியாக பார்டரைச் சரிசெய்யப் போன மல்லிகாவின் கையில் சிவப்புப் பாக்கெட் பொத்தென்று கிழிந்தது. மயிலின் கழுத்துக்கும் பார்டருக்கும் நடுவில், காலியாக இருக்க வேண்டிய தரை முழுக்கச் சிவப்பு!

துடைத்தால் ஈஷிக்கொள்ளும். பெருக்கினால் மயிலும் சேர்ந்து போகும். மல்லிகாவின் கண் நிறைந்துவிட்டது.

"அப்படியே நில்லு, வந்துட்டேன்!"

லிஃப்டில் ஏறி, துரையோடு இறங்கினேன். ஒல்லிக் குழாயை மாட்டினேன். நீள ஒயர் தூணில் இருந்த பிளக் பாயிண்ட் வரை எட்டியது. சுவிட்சைத் தட்டினேன். ஆஹா... சிவப்பு கோடு கோடாக மறைந்தது. தரை பளிச்! மயிலின் ஒரு இறகு அசையவில்லை.

"ஏங்க... நீங்க ஜீனியஸ்ங்க!"

கல்யாணமான நாள் முதல் இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். சொன்னாள்!

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்.

சாரதம்மாவின் வெள்ளைத் தாமரை... வெள்ளையாக இல்லை.

ரங்கோலிப் பொடி வீட்டுத் தூசு மாதிரி இல்லையே, மாவாட்டம் அல்லவா இருக்கும்? உறிஞ்சின பொடியில் ஒரு பங்கு வேட்டித் துணியில் புகுந்து, துரையின் பின்பக்கக் காற்றுத் துவாரம் வழியாக ரோஸ் புகையாக வெளியே போயிருக்கிறது. துரையின் பின்பக்கம் தாமரையைப் பார்த்தபடி இருந்தது. இதழ் நுனியெல்லாம் நல்ல ரோஸ், உள்ளே போகப் போக இளரோஸ், நடுவில் மட்டும் வெள்ளை.

எங்கள் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. சாரதம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். அதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். நேராகத் தாமரை முன்னால் போய் நின்றார்கள்.

"அய்யோ, என்ன ஷேடிங்! கையால இப்படித் தூவ முடியுமா? சாரதம்மா, ஹேகே மாடித்ரி?" என்று ஒரு நடுவர், எப்படிச் செய்தீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார்.

காபி டம்ளரும் கையுமாக வந்த சாரதம்மா தன் கோலத்தைத் தானே வாய் பிளந்து பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்துக் கும்பிட்டார். "எல்லா தேவர தயே!" எல்லாம் கடவுள் அருளாம்.

முதல் பரிசு சாரதம்மாவுக்கு. டிபன் பாக்ஸ் எங்களுக்கு.

லிஃப்டில் ஏறும்போது மனசு கேட்காமல் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் குக்கர் மூடி கழன்று விழுந்தது. "சார், நான் தேவருன்னு கும்புட்டேனே... உங்க மெஷினா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். குக்கரை மல்லிகாவிடம் நீட்டினார். மல்லிகா வாங்கவில்லை. "பரவாயில்லக்கா, தாமரை நெஜமாவே சூப்பர்" என்றாள்.

அன்று மத்தியானம் அவள் புது டிபன் பாக்ஸை ஷெல்ஃபுக்குள் திணித்துக் கதவை டமாரென்று சாத்தினாள். துரை குஜரிக் கடைக்குப் போகப் போகிறது, பழைய இரும்போடு இரும்பாகிவிடும் என்று பயந்துகொண்டே வேட்டிப் பையைத் துவைத்தேன். ஒரு பொருளை மேம்படுத்துகிறவன், அது எதை இழுக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதுமா? எங்கே விடுகிறது என்றும் பார்க்க வேண்டாமா?

பால்கனிக்கு மல்லிகா வந்தாள். சொட்டச் சொட்டத் தொங்கிய பையைப் பார்த்தாள். துரையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் அதோட முதுகை என் கோலத்துப் பக்கம் திருப்பி வைங்க."